இரண்டு சிறுவர்கள், ஒரே பட்டம்!
கரிசல் சீமையில் நடந்த சொல் போட்டி

கோவில்பட்டியில் இருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, எட்டயபுரம். வழி நெடுகக் கரிசல் காடு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும் மண். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். பருத்தி விளையும். கம்பும் சோளமும் விளையும். தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

சொல்லுக்கு அங்கே என்றும் பஞ்சம் இருந்தது இல்லை!

130 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் பெயர் சோமசுந்தரம். இன்னொருவன் பெயர் சுப்பிரமணியம். இவனை வீட்டில் "சுப்பையா" என்று கூப்பிடுவார்கள்.

சோமசுந்தரம் 1879-ம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தவன். சுப்பையா 1882-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தவன். மூன்று வயது வித்தியாசம். ஆனாலும் இருவரும் சிநேகிதர்கள். இருவருக்கும் ஒரே பித்து. தமிழ்ப் பாட்டுப் பித்து!

யாழ்ப்பாணத்துப் புலவர்

யாழ்ப்பாணத்தில் இருந்து புலவர் ஒருவர் நெல்லைச் சீமைக்கு வந்திருந்தார். புலவர்கள் கூடி இருந்த இடத்தில், அவர் ஒரு போட்டி வைத்தார்.

போட்டி இதுதான்: பாட்டின் கடைசி அடியை அவர் சொல்லிவிடுவார். மேலே உள்ள அடிகளை மற்றவர்கள் பாடி முடிக்கவேண்டும். கடைசி அடிக்கு "ஈற்றடி" என்று பெயர்.

வீட்டின் கூரையை முதலில் கொடுத்து, "இதற்குப் பொருத்தமாகச் சுவர் எழுப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வேலை இது.

கூடி இருந்தவர்கள் பாட்டு எழுதினார்கள். அந்த இரண்டு பையன்களும் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். புலவர் எல்லாவற்றையும் படித்தார். வந்த பாட்டுகளில் பையன்களின் பாட்டுகள்தான் சிறந்தவை என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டில் எது உயர்ந்தது?

அதை அவர் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டம்: "பாரதி."

பாரதி என்றால் சரஸ்வதி. கல்விக்குத் தெய்வம். சோமசுந்தரம், சோமசுந்தர பாரதி ஆனான். சுப்பிரமணியம், சுப்பிரமணிய பாரதி ஆனான்.

ஆம்! நாம் "பாரதியார்" என்று சொல்கிறோமே, அவர்தான் இந்தச் சுப்பையா!

பாரதியாருக்குப் பட்டம் கிடைத்ததை இன்னொரு விதமாகவும் சொல்வது உண்டு. 1893-ம் ஆண்டில், எட்டயபுரம் அரண்மனையில், புலவர்கள் சபையில், 11-வது வயதில் அவர் பட்டம் பெற்றார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. எப்படி இருந்தாலும், பாட்டுக் கட்டித்தான் பெயர் வந்தது. அதில் இரண்டு பேச்சு இல்லை.

15 பெட்டி ரெயில்

இந்தப் போட்டியில் எதை வேண்டுமானாலும் பாடிவிட முடியாது. பெரும்பாலும் வெண்பாதான் கேட்பார்கள். வெண்பாவுக்குச் சட்டதிட்டம் அதிகம்.

வெண்பாவில் 4 அடி. முதல் மூன்று அடிகளில் நான்கு நான்கு சீர். கடைசி அடியில் மூன்று சீர். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 15. ஈற்றடியைக் கொடுத்துவிட்டால் 3 சீர் போயிற்று. பாக்கி 12 சீரைப் பாடுகிறவர் கண்டுபிடிக்கவேண்டும்.

பன்னிரண்டு சீர்தானே என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு சீர் எப்படி முடிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த சீர் தொடங்கவேண்டும். ரெயில் பெட்டிகளைக் கொக்கி போட்டு மாட்டுவது போல! ஒரு கொக்கி விழவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். "தளை தட்டுகிறது" என்று புலவர்கள் சொல்வார்கள்.

இது தவிர எதுகை வேண்டும். அடியின் முதல் சீரில் வரும் இரண்டாவது எழுத்து, அடுத்த அடியிலும் ஒத்து வரவேண்டும். கடைசிச் சீருக்கும் அளவு உண்டு. "நாள், மலர், காசு, பிறப்பு" என்று நான்கு அச்சு வைத்திருக்கிறார்கள். இவற்றுள் ஒன்றில் அது அடங்கவேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே, பாட்டில் பொருளும் இருக்கவேண்டும்! காகிதம் எடுத்து, எழுதி, அடித்து, திருத்திக்கொண்டு இருக்க நேரம் கிடையாது. சபை காத்துக்கொண்டு இருக்கும்.

டெலிவிஷனில்...

இதே மாதிரி விளையாட்டு வெள்ளைக்காரர்கள் நாட்டிலும் இருக்கிறது. அவர்கள் அதை டெலிவிஷனில் வைத்திருக்கிறார்கள்.

பிரான்சு நாட்டில்தான் இது ஆரம்பம். 1965-ம் ஆண்டு சொல் போட்டியாகத் தொடங்கினார்கள். பிறகு எண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து இங்கிலாந்திலும் ஒரு போட்டி வந்தது. "சேனல் 4" என்ற டெலிவிஷன் நிலையம், 1982-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி தொடங்கியது. தொடங்கிய அன்று முதன் முதலாகக் காட்டியதே அந்தப் போட்டியைத்தான். பெயர் "கவுண்ட் டவுன்."

ஆடுகிறவர்கள் இரண்டு பேர். பலகையில் 9 எழுத்துக்களை எடுத்து வைப்பார்கள். பெரிய கடிகாரம் ஓடும். நேரம் 30 விநாடி. அதற்குள் யார் நீளமான சொல்லைக் கண்டுபிடிக்கிறார்களோ, அவர்களுக்கு மார்க்கு.

அடுத்தது எண் போட்டி. ஆறு எண்களைக் கொடுத்து, ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். ஒரு எண்ணை ஒரு தடவைதான் எடுக்கலாம். அந்தப் பெரிய எண் வரவேண்டும்.

உதாரணமாக 75, 50, 8, 7, 3, 2 என்று ஆறு எண்கள். வரவேண்டியது 532. எங்கே, போட்டுப் பாருங்கள்!

75-ஐ 7-ஆல் பெருக்கினால் 525. இன்னும் 7 வேண்டும். எட்டில் மூன்று போனால் ஐந்து. அதோடு இரண்டைக் கூட்டினால் ஏழு. ஆக 532 வந்துவிட்டது. 50 தேவைப்படவில்லை. வேண்டாத எண்ணை விட்டுவிடலாம்.

வெற்றி பெறுகிறவருக்கு என்ன பரிசு தெரியுமா? ஒரு டீ பாட்! அதற்காக ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஒன்பது எழுத்தைக் கலைத்துப் போடும் விளையாட்டு, ஆங்கிலத்துக்குச் சரி. அங்கே 26 எழுத்துக்கள்தான். தமிழில் 247 எழுத்துக்கள். அதில் ஒன்பதை எடுத்தால் ஒரு சொல்கூட அமையாமல் போகலாம். அதனால்தானோ என்னவோ, தமிழர்கள் எழுத்தைக் கலைக்கவில்லை. சொல்லை உடைத்தார்கள்!

சொல்லை உடைப்பது எப்படி? அதற்கும் எட்டயபுரத்தில் ஒரு கதை இருக்கிறது.

காந்திமதிநாதனுக்கு வந்த கோபம்

இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

சுப்பையாவுக்குப் பாரதி என்ற பட்டம் வந்துவிட்டது. அரண்மனையில் புலவர்கள் மத்தியில் பையன் சரிசமமாக உட்காருகிறான். எல்லோருக்கும் இது பிடிக்குமா? காந்திமதிநாதன் என்பவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வயதில் மூத்தவர். படித்தவர். "இந்தப் பொடியனுக்கு இவ்வளவு பெரிய பட்டமா?" என்ற ஆத்திரம் அவருக்கு.

சபையிலே அவர் ஒரு ஈற்றடி கொடுத்தார். அந்த அடி "பாரதி" என்ற பெயரில் தொடங்கியது. "பாரதி அற்பமான சிறுவன்" என்பது அதன் பொருள். இந்த ஈற்றடியை வைத்து அந்தப் பையனே பாடவேண்டும்!

பொல்லாத பொறி! பாடினால், தன்னைத் தானே இழிவு செய்துகொள்ள வேண்டும். பாடாவிட்டால், "பட்டத்துக்குத் தகுதி இல்லை" என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் பள்ளம். பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் மகாராஜாவும் பெரிய பெரிய புலவர்களும்.

பையன் பாடினான். ஈற்றடியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கு மேலே உள்ள அடியின் முடிவில், "காந்திமதிநாதனை" என்ற சொல் வந்து நிற்கும்படி பாடினான்.

அவ்வளவுதான்! பெயர் இரண்டாக உடைந்துவிட்டது. பாரதி என்பது "பார்" என்றும், "அதி" என்றும் ஆயிற்று. "பார்" என்றால் கண்ணால் பார் என்று அர்த்தம். "அதி" என்றால் மிகவும் என்று அர்த்தம். காந்திமதிநாதனைப் பார், மிக மிக அற்பமான சிறுவன் என்று ஆகிவிட்டது!

வெட்டுவதற்கு ஓங்கிய அரிவாள், ஓங்கியவர் பக்கமே திரும்பிவிட்டது. சபை கைகொட்டிச் சிரித்தது. காந்திமதிநாதன் தலை குனிந்தார்.

கதை இங்கே முடியவில்லை. மூத்தவர் ஒருவரைச் சபையில் இப்படிச் செய்துவிட்டோமே என்று பையனுக்கு வருத்தம். உடனே இன்னொரு வெண்பா பாடினான். "உங்களுக்கு முன்னால் நான் சிறுவன்தான்" என்று பொருள் வரும்படி, அதே ஈற்றடியை வைத்தே பாடினான் என்றும் சொல்வார்கள். டெலிவிஷன் போட்டியில் ஜெயித்தவர் தோற்றவருக்குக் கை கொடுப்பார். அது வழக்கம். ஒரே அடியை வைத்து ஜெயிக்கவும், மன்னிப்புக் கேட்கவும் ஒரு சிறுவனுக்குத் தெரிந்திருந்தது என்றால், அதுதான் அதிசயம்.

நூறு வேலை ஒரே நேரத்தில்

இதே வித்தையைச் செய்த இன்னொருவர் நாஞ்சில் நாட்டில் இருந்தார். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ம் ஆண்டு பிறந்தவர். செய்குத்தம்பிப் பாவலர்.

இவர் "சதாவதானி." ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் வைப்பதற்குச் சதாவதானம் என்று பெயர். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் முதுகில் சிறு கல்லை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில், "எத்தனை மணி? எத்தனை கல்? கணக்குக்கு விடை என்ன?" என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லவேண்டும். பாட்டையும் முடிக்கவேண்டும். சொல் போட்டியும் எண் போட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது இது! 1907-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி, சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் இதைச் செய்து காட்டினார்.

பாவலர் முஸ்லிம். "துருக்கனுக்கு ராமன் துணை என்று முடியும்படி பாடும், பார்க்கலாம்" என்று ஒருவர் அவரை மடக்கப் பார்த்தாராம். துருக்கன் என்றால் பழைய வழக்கில் முஸ்லிம். பாவலர் தயங்கவில்லை. முந்திய அடியின் முடிவில் "சத்" என்று இரண்டு எழுத்தை வைத்தார். துருக்கன், "சத்துருக்கன்" ஆகிவிட்டான். ராமனின் தம்பி! தம்பிக்கு அண்ணன் துணை. யார் மறுக்க முடியும்?

எட்டயபுரத்துப் பையன் செய்ததும், இடலாக்குடிப் பாவலர் செய்ததும் ஒரே வேலைதான். ஒருவர் சொல்லைப் பிளந்தார். மற்றவர் ஒட்டினார்.

கணக்கா? பிணக்கா?

பாவலருக்குச் சொல்லும் வந்தது, எண்ணும் வந்தது. நம் சுப்பையாவுக்கு எண் வரவே இல்லை!

அவருடைய தகப்பனார் சின்னசாமி அய்யர், கணக்கில் கெட்டிக்காரர். இயந்திர நுட்பம் தெரிந்தவர். மகனும் கணக்குப் படிக்கவேண்டும், இங்கிலீஷ் படிக்கவேண்டும், பெரிய உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. மகனை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மகன் மனம் எங்கே இருக்கும்? "கணக்கு" என்ற சொல்லைக் கேட்டதும், பிணக்கு, வணக்கு, மணக்கு, ஆமணக்கு என்று சொல் மேல் சொல்லாக அடுக்கிக்கொண்டே போகுமாம்! விடை வராது. எதுகைதான் வரும்.

தகப்பனார் ஆசைப்பட்டதில் தப்பு இல்லை. தாய் இல்லாத பிள்ளை அது. 5 வயதிலேயே தாயார் லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். பாட்டு சோறு போடாது என்று எந்தத் தகப்பனும் கவலைப்படுவான்.

ஆனால் கணக்கும் சின்னசாமி அய்யருக்குச் சோறு போடவில்லை. அதுதான் பரிதாபம். கரிசல் காட்டில் விளையும் பருத்தியை நம்பி, எட்டயபுரத்தில் அவர் பஞ்சாலை ஒன்று தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் போட்டிக்கு முன்னால் அது நிற்கவில்லை. போட்ட பணம் போயிற்று. மனம் உடைந்துபோனார். 1898-ம் ஆண்டு இறந்துவிட்டார். அப்போது மகனுக்கு வயது 15. அதற்கு முந்திய ஆண்டுதான் கல்யாணம் ஆகி இருந்தது.

இரண்டு பாரதிகள்

பட்டம் ஒன்றுதான். பாதை இரண்டாகப் பிரிந்தது.

சோமசுந்தர பாரதி சட்டம் படித்தார். 1905-ம் ஆண்டு பி.எல். தேறினார். தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்தினார். ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு உற்ற நண்பர் ஆனார். வ.உ.சி. 1906-ம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் அல்லவா? "என்னிடம் இரண்டு சரக்குக் கப்பல்கள் இருக்கின்றன. ஒரு தமிழ்க் கப்பலும் இருக்கிறது" என்று சோமசுந்தர பாரதியைப் பற்றி அவர் வேடிக்கையாகச் சொன்னது உண்டாம்.

வக்கீலாக இருந்தாலும் தமிழை விடவில்லை. 1933-ம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். ஐந்து ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக ஆக்கியபோது, எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் நின்றார். "நாவலர்" என்று நாடு அவரை அழைத்தது. 1959-ம் ஆண்டு, 80-வது வயதில் காலமானார்.

சுப்பிரமணிய பாரதியின் கதை வேறு. தகப்பனார் இறந்த பின் காசிக்குப் போனார். திரும்பி வந்து, எட்டயபுரம் அரண்மனையிலேயே வேலை பார்த்தார். பிடிக்கவில்லை. 1904-ம் ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழ் ஆசிரியர் வேலை. பிறகு சென்னையில் "சுதேசமித்திரன்" பத்திரிகையில் சேர்ந்தார். சர்க்காரின் பிடிக்குத் தப்பி, 1908-ம் ஆண்டு புதுச்சேரிக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே. அந்தப் பத்து ஆண்டுகளில் வீட்டில் வறுமை குடி இருந்தது. பாட்டும் குடி இருந்தது. அவருடைய பெரிய பாட்டுகள் பல அங்கேதான் பிறந்தன.

அதன் பிறகு மனைவியின் ஊரான கடையத்தில் வந்து தங்கினார். கையில் காசு இல்லை. 1919-ம் ஆண்டு மே மாதம், எட்டயபுரம் மகாராஜாவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வசனத்தில் அல்ல. பாட்டாகவே எழுதினார். அந்தக் காலத்தில் புலவர்கள் அரசர்களுக்குப் பாட்டிலே கடிதம் எழுதுவார்கள். அதற்குச் "சீட்டுக்கவி" என்று பெயர்.

எந்த அரண்மனையில் சிறுவனாக உட்கார்ந்து வெண்பா பாடினாரோ, அதே அரண்மனைக்குத்தான் சீட்டுக்கவி போயிற்று. ஆனால் இந்தத் தடவை ஒரு பலனும் கிடைக்கவில்லை.

1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், சென்னை திருவல்லிக்கேணியில் பாரதியார் இறந்தார். வயது 38.

எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் கட்டவேண்டும் என்று எழுத்தாளர் கல்கி முயற்சி எடுத்தார். பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். 1945-ம் ஆண்டு ராஜாஜி அடிக்கல் நாட்டினார். சுதந்திரம் வந்து இரண்டு மாதத்தில், 1947-ம் ஆண்டு அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது.

பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்ட இன்னொரு பாரதிக்கு அப்போது வயது 68.